காப்புப் பிரதி எங்கே இருக்கிறது?

சித்திரை மாதத்து மாலை வேளைகளில் யட்டவத்தவில் வாழ்வோர்க்கு இடிமுழக்கம் புதியதன்று. காலையில் வெயில் சுட்டெரிக்கும். பிற்பகல் இரண்டு மணியளவில் மலைமுகட்டில் கருமேகம் திரளும். மூன்று மணிக்குள் மிளகுக் கொடிகளும் கொக்கோ மரங்களும் நடுங்க மழை கொட்டும். ஈராண்டுகளுக்கு முன்னர் அத்தகைய மாலையொன்றில் விழுந்த இடி, சந்தியிலுள்ள தொடர்பாடல் நிலையமொன்றின் தொலைபேசிக் கம்பி வழியாக உள்ளே புகுந்து, அங்கிருந்த கணினியை ஒரு நொடியிற் கருக்கிவிட்டது. கணினி கடைக்காரருடையது. அதனுள் இருந்த கணக்கோ எமது மரண உதவிச் சங்கத்தினுடையது.

மரண உதவிச் சங்கம் இன்னதென்று இந்நாட்டு வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாதந்தோறும் ஒரு சிறு தொகை. வீட்டிற் சாவு நிகழ்ந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் வந்தோர்க்குத் தேநீருக்கும் சங்கம் பொறுப்பு. ஏழை வீட்டில் அன்றைய தினம் கடன்காரன் வாசலுக்குப் போகாதிருக்க வேண்டுமாயின், மாதச் சந்தா தவறாது செலுத்தப்பட்டிருத்தல் வேண்டும். செலுத்தப்பட்டதென்பது எழுத்தில் இருத்தலும் வேண்டும். மூன்று மாதம் தவறியவர்க்கு உதவி இல்லை என்பது சங்க விதி.

கடைக்காரரின் மகனே சங்கத்தின் செயலாளர்; சுறுசுறுப்பான இளைஞர். நீண்டகாலம் கையால் எழுதப்பட்டு வந்த பேரேட்டை அவர்தாம் கணினிக்கு மாற்றியவர். அன்று தொட்டுப் பேரேடு அலுமாரிக்குள் ஓய்வு பெற்றது. பற்றுச்சீட்டின் அடிக்கட்டைகளும் நின்றன. நான் அரச காரியாலயமொன்றிற் கணினிப் பகுதியிற் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், மறுநாட் காலையில் என்னை அழைத்துச் சென்றார்கள்.

“காப்புப் பிரதி எடுத்து வைத்திருந்தேன், சேர்,” என்றார் செயலாளர்.

“எங்கே, தம்பி?”

அவர் கருகிய கணினியைக் காட்டினார். அதன் முகப்பிலேயே பென் ட்ரைவ் செருகப்பட்டிருந்தது. இடிக்குக் கணினி வேறு, காப்புப் பிரதி வேறு என்ற பேதம் தெரியவில்லை. இரண்டையும் ஒருங்கே தின்றுவிட்டது.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை நான் எளிதில் மறப்பதற்கில்லை. உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டிலும் சிறு சந்தா அட்டை ஒன்று உண்டு. செயலாளரும் நானும் இரு வாரங்கள் வீடு வீடாக ஏறியிறங்கி, அட்டைகளைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிக் கணக்கை மீளக் கட்டத் தொடங்கினோம். அவ்வேலை பாதியில் நிற்கையில், தோட்டத்து லயமொன்றில் முதியவர் ஒருவர் காலமானார். அவர் மனைவியிடம் அட்டை இல்லை. முந்திய மழையிற் கூரை ஒழுகி, பெட்டிக்குள் இருந்த கடதாசிகள் எல்லாம் கூழாகிவிட்டன என்றார் அப்பாட்டி.

பொருளாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர். நேர்மையில் எள்ளளவும் பிசகாதவர். “அட்டையும் இல்லை, கணக்கும் இல்லை, பொதுப் பணத்தை எதைக்கொண்டு கொடுப்பது?” என்றார். அவர் கேட்டதிற் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் பிணம் வீட்டிற் கிடக்க, அந்தப் பாட்டி தாம் பொய்யுரைக்கவில்லை என்பதை எங்கள் முன்னிலையில் நிறுவ வேண்டியவராக நின்றார். இறுதியில் அடுத்த காம்பராப் பெண்மணி தம் அட்டையைக் கொண்டுவந்து நீட்டி, “மாஸ்டர், நாங்கள் இருவரும் ஒரே நாளிற்றான் நடந்து வந்து பணம் கட்டுவோம், என் அட்டையில் உள்ள திகதிகள்தாம் அவருக்கும்,” என்று கூறினார். சங்கம் பணத்தைக் கொடுத்தது. ஆனால் அந்த அரைமணி நேரத்தை அப்பாட்டிக்கு யாரால் திருப்பிக் கொடுக்க இயலும்?

எங்களைக் காத்தது கணினியன்று. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளிற் சிதறிக் கிடந்த அட்டைகள். காப்புப் பிரதி என்பது மூலம் இருக்கும் இடத்தில் இராமை வேண்டும் என்ற உண்மையை எமது மாவட்டம் இன்று நேற்றா கற்றது? மாத்தளை நகரிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் அலுவிகாரை இருக்கின்றது. பௌத்தத் திரிபிடகம் தலைமுறை தலைமுறையாகப் பிக்குமாரின் நாவிலும் நெஞ்சிலுமே வாழ்ந்து வந்தது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபய மன்னன் காலத்துப் பஞ்சமும் போரும், மனனம் செய்திருந்தோரையே மாய்த்துவிடும் என்ற அச்சம் எழுந்தபோது, அது அங்கே ஓலையில் எழுதப்பட்டது. மின்சாரம் நின்றவுடன் மறைந்துபோகும் நினைவகத்திலிருந்து, நிலைத்து நிற்கும் வட்டுக்கு மாற்றுதல் என்று கணினிக்காரர் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை அடக்க வந்த பிரித்தானியப் படையினரால் அவ்விகாரையின் நூல்நிலையம் அழிவுற்றது. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. பர்மாவிலும் சயாமிலும் பிற விகாரைகளிலும் அதன் பிரதிகள் வாழ்ந்தன. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பராயின. அச்சிட்ட நூல்களிற் பலவற்றை வேறிடங்களிலிருந்து தேடிப் பெற முடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகள் போனவை போனவையே.

இவை பழங்கதைகள் என்று எண்ணுவோர் 2023ஆம் ஆண்டை நினைவுகூரட்டும். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசின் மின்னஞ்சல்கள் தங்கியிருந்த சேவையகங்களைக் கப்பம் கேட்கும் தீநிரலொன்று தாக்கியது. அத்தகைய நிரல் கோப்புக்களை அழிப்பதில்லை. பூட்டிவிட்டுத் திறப்புக்கு விலை பேசும். அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. மூலத்தோடு இணைந்திருந்த காப்புப் பிரதிகளையும் அந்நிரல் பூட்டிவிட்டது. இணைப்பிலிருந்து கழற்றி வைக்கப்பட்ட பிரதி இல்லாமையால், மே மாதம் 17ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26ஆம் திகதி வரையிலான அஞ்சல்கள் மீளவில்லை. அங்கே பயன்பட்டு வந்தது 2013ஆம் ஆண்டின் மென்பொருள். அதனைச் செய்த மைக்ரோசொவ்ற் நிறுவனமே அதற்கான ஆதரவை அவ்வாண்டு ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. அரசுக்கு நேர்ந்ததும் சந்திக் கடைக்கு நேர்ந்ததும் அடிப்படையில் ஒன்றே. இரண்டிடத்தும் காப்புப் பிரதி கணினியோடு கட்டுண்டு கிடந்தது.

இனி, நாங்கள் புதிதாகச் செய்த ஏற்பாட்டைக் கூறுகின்றேன். பாடசாலை, சனசமூக நிலையம், கோயிற் சபை, வீட்டில் நடத்தும் சிறுதொழில் எதுவாயினும் இது பொருந்தும்.

சேவையகம் என்றவுடன் குளிரூட்டிய அறையும் இலட்சக்கணக்கான ரூபாவும் நினைவுக்கு வருதல் இயல்பு. எங்கள் சேவையகம் ஒருவர் கைவிட்ட பழைய மேசைக் கணினி. அதிற் புதிய வன்தட்டு ஒன்றை மட்டும் பூட்டி, உபுண்டு என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவினோம். நீண்டகால ஆதரவுடைய பதிப்பாயின் ஐந்தாண்டுகள் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாக வந்துகொண்டிருக்கும்; அவற்றைத் தானாகவே பெற்றுக்கொள்ளுமாறும் அமைத்துவிடலாம். பழைய விண்டோஸ் கணினி வைத்திருப்போர் ஒன்றைக் கவனித்தல் நலம்: விண்டோஸ் 10 பதிப்புக்கான வழமையான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நின்றுவிட்டது.

செயலாளர் தமது கணினியில் எழுதும் கணக்கு, சம்பா என்னும் மென்பொருளின் துணையால், சேவையகத்திலுள்ள பொது அறையிற் சேமிக்கப்படுகின்றது. அதற்குள் செல்ல ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. செயலாளர் எழுதலாம், பொருளாளர் வாசிக்கலாம், எழுத இயலாது. நிருவாகியின் கணக்கு வேறாக இருக்கின்றது. அதனை அன்றாட வேலைக்குத் திறத்தல் ஆகாது. இணைய இணைப்புப் பெட்டியாகிய ரவுட்டருடன் தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட்டோம். கடவுச்சொற்களை எழுதிச் சேவையகத்திலேயே ஒரு கோப்பாக வைக்கலாமென்று செயலாளர் சொன்னபோது, அருகில் நின்ற என் மனைவி, “நகைப் பெட்டிக்குள்ளேயே அதன் திறப்பையும் வைத்துப் பூட்டுவதா?” என்று கேட்டார். இப்பொழுது அவை கடதாசியில் எழுதப்பட்டு, முத்திரையிட்ட உறையிற் பொருளாளரின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன.

காப்புப் பிரதியைப் பொறுத்தவரையில், அமெரிக்கப் புகைப்படக் கலைஞராகிய பீட்டர் குரோக் என்பவர் வகுத்த கணக்கொன்று உலகெங்கும் வழங்குகின்றது: பிரதிகள் 3, அவை தங்கும் சாதன வகைகள் 2, வேறிடத்தில் இருப்பது 1. படம் அழிந்துவிட்டால் திருமண நாளை மீண்டும் நடத்திக் காட்ட முடியாதவர் அல்லவா புகைப்படக்காரர்! அவரிடமிருந்து இவ்விதி பிறந்ததில் வியப்பில்லை. எங்கள் ஏற்பாட்டில் மூலம் சேவையகத்தில்; வெளி வன்தட்டுக்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று கடையில், மற்றையது மலைக்கு அப்பாலுள்ள பொருளாளர் வீட்டில். ஞாயிறுதோறும் இடம் மாற்றிக்கொள்ளும். கடையிலுள்ளதும் பிரதி எடுக்கும் நேரத்தில் மட்டுமே செருகப்படும். முடிந்தவுடன் கழற்றி அலுமாரியில் வைக்கப்படும். இடிக்கும் தீநிரலுக்கும் எட்டாத பொருள், கம்பி கழற்றப்பட்ட பொருள் ஒன்றே. இவற்றோடு ஆண்டுக்கு இருமுறை முழுக்கணக்கையும் கடதாசியில் அச்சிட்டு வைக்கின்றோம். கடதாசியை இகழ்வோர் எங்கள் சந்தா அட்டைகளின் கதையை மீண்டும் வாசிப்பாராக.

இணையத்தில் யாவும் தானாகச் சேமிக்கப்படுகின்றதே, இவ்வளவு தொல்லை எதற்கு என்று சிலர் கேட்பர். அவ்விடத்தும் ஒரு பிரதி இருத்தல் நன்றே. ஆனால் ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. இங்கே ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், ஒத்திசைவு மிகுந்த பணிவோடு அங்கேயும் அதனை அழித்துவிடும். ஒரே கணினிக்குள் இரு வன்தட்டுக்களைக் கண்ணாடிபோல் ஒன்றையொன்று பின்பற்றச் செய்யும் முறையும் அத்தகையதே. ஒரு தட்டுப் பழுதானால் உதவும், கைத்தவறுக்கு உதவாது. ஆகையாற் புதிய பிரதி பழையதன்மேல் எழுதப்படலாகாது. நாட்பிரதி ஏழு, வாரப்பிரதி நான்கு, மாதப்பிரதி பன்னிரண்டு என வைத்துப் பழையவற்றைக் கழித்து வருகின்றோம். கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, பின்னர் மாதம், பின்னர் நாள் என்று எழுதினால், அவை தாமே கால வரிசையில் நிற்கும்.

எனது தவறொன்றையும் ஒளிக்காது சொல்லிவிடுகின்றேன். குரோன் என்னும் கால அட்டவணைக் கருவியைக் கொண்டு, நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணிக்கு அன்றைய பிரதி எடுக்குமாறு பணித்துவிட்டுப் பெருமிதத்தோடு வீடு வந்தேன். காரியாலயப் பழக்கம், அங்கே சேவையகங்கள் உறங்குவதில்லை. கடையிலோ இரவு எட்டு மணிக்குப் பிரதான ஆளியையே அணைத்துவிடுகின்றார்கள். மூன்று வாரங்கள் ஒரு பிரதியும் எடுக்கப்படவில்லை, ஒருவரும் அறியவுமில்லை. இதற்கென்றே ஆனாகுரோன் என்ற கருவி இருக்கின்றது. குறித்த நேரத்தில் இயந்திரம் அணைந்திருந்தால், மறுநாள் விழித்தவுடன் தவறிய வேலையை அது செய்து முடிக்கும். இப்பொழுது காலையிற் கணினியைப் போட்டதும் சேவையகத்துக்குள்ளேயே நாட்பிரதி எழுதப்படுகின்றது. வெளி வன்தட்டைச் செருகியதும் அது அங்கே சென்று சேர்கின்றது. செயலாளர் கடைசிப் பிரதியின் திகதியைப் பார்த்துச் சுவரிலுள்ள நாட்காட்டியில் ஒரு கோடு இடுகின்றார். அக்கோட்டை நான் எந்த மென்பொருளைக் காட்டிலும் நம்புகின்றேன்.

திகதியைப் பற்றிப் பேசுகையில் நாணயம் போன்ற சிறு பற்றரி ஒன்றையும் கூறவேண்டும். மின்சாரம் இல்லாதபோதும் கணினி நேரத்தை மறவாதிருப்பது அதனால். சிஆர் 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீற்றர் குறுக்களவு, 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்பதே அவ்வெண்ணின் பொருள். சில ஆண்டுகளில் அது தளர்ந்துவிட்டால், கணினி ஒவ்வொரு காலையும் பல்லாண்டு பின்னோக்கிய திகதியோடு விழிக்கும். புதிய பிரதிகள் பழைய திகதியைப் பெறும். கழிக்கும் கருவி புதியதைப் பழையதென்று எண்ணித் தூக்கியெறியும். பாதுகாப்பான இணையத்தளங்களும் திறக்க மறுக்கும். பழைய கணினியைச் சேவையகமாக்குவோர் முதலில் இப்பற்றரியை மாற்றுக. நேர வலயத்தையும் சரிபார்த்தல் வேண்டும். இந்நாட்டிலே 1996இல் இரு முறையும் 2006இல் ஒரு முறையும் கடிகாரத்தை மாற்றியிருக்கின்றோம். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அக்காலத்திற் பட்ட பாடு வேறு கதை.

மின்சாரம் திடீரென நின்றால், கணினியை முறைப்படி அணைத்துக்கொள்ளச் சில நிமிடங்களைத் தருவது யூபிஎஸ். அதனைச் சேவையகத்தோடு சிறு கம்பியால் இணைத்து, பற்றரி குறைந்ததும் தானே அணையுமாறு அமைக்கலாம். ஆனால் அருகில் விழும் இடியை அது தடுக்குமென்று எவரும் மயங்க வேண்டாம். மேகம் கறுக்கும்போதே மின்செருகியையும், அதனோடு தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுதலே வழி. பலர் முன்னதைக் கழற்றிப் பின்னதை மறப்பர்; எங்கள் கடையில் இடி வந்த பாதை பின்னதே. முழக்கம் கேட்டபின் கம்பியில் கைவைத்தல் உயிராபத்து என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இத்தனையும் செய்து, மீட்டுப் பார்க்காது விட்டால் யாது நேரும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. 1998ஆம் ஆண்டு பிக்சார் நிறுவனத்தார் டோய் ஸ்ரோறி என்ற பொம்மைப் படத்தின் இரண்டாம் பாகத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தனர். யாரோ தவறுதலாக இட்ட அழித்தற் கட்டளையாற் படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே மறையத் தொடங்கியது. காப்புப் பிரதியைத் தேடினால், அது சில வாரங்களாகவே ஒழுங்காக எழுதப்படாதிருந்தது வெளியாயிற்று. படத்தின் தொழினுட்பப் பொறுப்பாளர்களுள் ஒருவரான கேலின் சுஸ்மன் என்ற அம்மையார் அண்மையில் மகப்பேறு அடைந்தவர். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணியாற்றுவதற்காகப் படத்தின் பிரதியொன்றைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வைகளாற் சுற்றி, கார் ஆசனத்தில் வைத்து, குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்து சேர்த்தனராம். அப்படி மீட்ட படத்தையும் பின்னர் திருப்தியின்றி அவர்களே பெரும்பாலும் மாற்றியமைத்தார்கள் என்பது வேறு. 2017ஆம் ஆண்டு சனவரி இறுதியிற் கிட்லாப் என்ற நிறுவனத்திலும் இதுவே நிகழ்ந்தது. ஐந்து வகைக் காப்பு முறைகள் இருந்தும் வேண்டியபோது ஒன்றும் கைகொடுக்கவில்லை. ஒருவர் சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த பிரதியே காத்தது. பிரதி எடுத்தல் தவறுகின்றது என்று எச்சரிக்கும் அஞ்சல்கள்கூட உரியவரைச் சென்று சேராதிருந்தனவாம்.

ஆகையால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் ஒத்திகை பார்க்கின்றோம். பொருளாளர் வீட்டு வன்தட்டை என் மடிக்கணினியிற் செருகி, சேவையகம் எரிந்துபோயிற்று என்று பாவித்துக்கொண்டு, கணக்கை முழுவதும் திறந்து, மூன்று பெயர்களைத் தெரிந்தெடுத்து அவர்தம் அட்டைகளோடு ஒப்பிடுகின்றோம். முதல் ஒத்திகையிற் கோப்புத் திறந்தது. பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் நிறைந்திருந்தன. செயலாளர் பாமினி எழுத்துருவிற் பெயர்களை அடித்திருந்தார். என் கணினியில் அவ்வெழுத்துரு இல்லை. இலங்கையிற் பழைய தமிழ்க் கோப்புக்கள் வைத்திருக்கும் அனைவர்க்கும் இத்தொல்லை காத்திருக்கின்றது. பிரதியோடு எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள். இயலுமாயின் யூனிக்கோட் முறைக்கு மாற்றிவிடுங்கள். நாங்கள் ஒரு மாத காலம் மாலை வேளைகளில் அமர்ந்து மாற்றி முடித்தோம்.

சென்ற ஒத்திகைக்குப் பதினெட்டு நிமிடங்கள் பிடித்தன. செயலாளர் தெரிந்தெடுத்த மூன்று பெயர்களுள் லயத்துப் பாட்டியின் பெயரும் ஒன்று. சந்தா நாளது வரை செலுத்தப்பட்டிருந்தது, புதிய அட்டையும் அதனோடு ஒத்தது. யூபிஎஸ்ஸின் பற்றரி மட்டும் மூன்றாண்டை நெருங்குவதால் மாற்றப்பட வேண்டும் என்று கொப்பியிற் குறித்திருக்கின்றோம். பொருளாளர் இன்னும் பணம் ஒதுக்க இசையவில்லை. ஐப்பசி இடிக்கு முன்னர் இசைவார் என்று நம்புகின்றேன்.